பக்கம் வேறு, தாள் வேறு: சிறு இதழை நாமே அச்சிட்டு நடுவில் பின் அடிக்கும் கணக்கு

ஊர் நூலகத்தின் வாசகர் வட்டமோ, தெரு குடியிருப்போர் சங்கமோ, பழைய மாணவர் குழுவோ ஓர் இதழ் கொண்டுவரலாம் என்று உட்கார்ந்தால், பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்: "மேட்டர் 14 பக்கம் வந்திருக்கு. ரெண்டு பக்கமும் அடிச்சா 7 தாள். ஜெராக்ஸ் கடையில குடுத்து நடுவுல பின் போட்டுடலாம்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 7 தாளை நடுவில் மடித்துப் பின் அடிக்க முடியாது. மடித்தால் ஒவ்வொரு கட்டுரையும் நடுவே முறியும். மடிக்காமல் பாதி அளவில் தனித்தனியாக வெட்டினால், பின் குத்த நடுவே மடிப்பே இருக்காது. கடைசியில் ஓரத்தில் ஒரு பின் குத்திக் கொடுப்பார்கள். கையில் வருவது இதழாக இருக்காது, விண்ணப்பக் கட்டுபோல இருக்கும்.

பக்கம், தாள், பேஜ், ஷீட் என்று எல்லாவற்றையும் ஒன்றுபோலப் பேசிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இவை வேறு வேறு என்பது பிடிபட்டால் பக்க எண்ணிக்கை, அச்சிடும் வரிசை, காகிதத் தேர்வு, பின் எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். இங்கே எடுத்துக்கொள்ளும் மாதிரி: ஏ5 அளவு (ஏ4 தாளில் பாதி), உள்ளே 16 பக்கம், தனி அட்டை, 100 படி. வீட்டு லேசர் பிரிண்டரோ தெருமுனை ஜெராக்ஸ் கடையோ போதும்.

கிழித்த நோட்டும் டீக்கடைப் பேப்பரும்

பள்ளிக்கூட நோட்டில் நடுவில் பின் அடித்திருக்கும். முன்னால் ஒரு காகிதத்தைக் கிழித்தால், சில நாளில் பின்னால் இன்னொன்று தானாகக் கழன்று விழும். கிழித்ததும் விழுந்ததும் ஒரே காகிதத்தின் இரண்டு பாதிகள். பின் பிடித்திருந்தது அவற்றுக்கு நடுவிலிருந்த மடிப்பை. ஒரு பாதி போனதும் மறுபாதிக்குப் பிடிமானம் இல்லை.

டீக்கடையில் ஒரு நாளிதழை நான்கு பேர் பிரித்துப் படிப்பதையும் பார்த்திருப்போம். 16 பக்க இதழ் என்றால், வெளித்தாளை வாங்கியவர் கையில் 1, 2, 15, 16 ஆகிய பக்கங்கள் இருக்கும். முதல் பக்கச் செய்தியும் கடைசிப் பக்கச் செய்தியும் ஒரே தாளில்! நடுத்தாளை வாங்கியவருக்கோ 7, 8, 9, 10 என்று தொடர்ச்சியாகக் கிடைக்கும். அவரிடம் உள்ள நான்கு மட்டும்தான் இடைவெளி இல்லாமல் வரும்.

இனி மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம். மடிக்காத முழுக் காகிதம் தாள். மடித்தபின் அதன் ஒரு பாதி ஏடு. ஏட்டின் ஒரு முகம் பக்கம். ஒரு தாளில் இரண்டு ஏடு, நான்கு பக்கம். நடுவில் பின் அடிக்கும் எந்த இதழிலும் இது மாறாது.

ஏன் எப்போதும் நான்கு?

ஒரு தாளைச் சேர்த்தால் நான்கு பக்கம் கூடும். எடுத்தால் நான்கு குறையும். இரண்டு பக்கம் மட்டும் சேர்க்க வழியில்லை. ஆகவே இதழின் பக்கங்கள் 8, 12, 16, 20, 24 என்றுதான் போகும். 14 பக்க மேட்டர் வந்தால் இரண்டு பக்கத்துக்கு ஏதாவது தேடியாக வேண்டும். 17 வந்தால் ஒரு பக்கத்தைச் சுருக்கி 16 ஆக்குவதா, இன்னும் மூன்று பக்கம் சேர்த்து 20 ஆக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். சுருக்குவதே நல்லது. கடைசி நிமிடத்தில் இடம் நிரப்பச் சேர்த்த மூன்று பக்கங்கள் வாசகருக்குத் தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாக அறியப்படும் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. அதுவும் 16 பக்கம்தான். பெரிய அச்சகங்களில் "ஒரு ஃபாரம்" என்று கணக்குப் போடுவதைக் கேட்டிருக்கலாம். பெரிய தாளொன்றை மூன்று முறை மடித்தால் 8 ஏடு, 16 பக்கம் வரும். அதுதான் ஃபாரம். நாம் ஒரே முறை மடிக்கிறோம், அவர்கள் மூன்று முறை மடிக்கிறார்கள். கணக்கு ஒன்றுதான்.

அட்டையும் ஒரு தாள்தான். முன் அட்டை, அதன் உள்முகம், பின் அட்டையின் உள்முகம், பின் அட்டை என்று அதற்கு நான்கு பக்கம். அச்சகத்தில் இதை ராப்பர் என்பார்கள். உள்பக்கத்தோடு சேர்த்து ஒரே கோப்பில் வைத்தால் எண்கள் எல்லாம் நகர்ந்து குழம்பும். அட்டையைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். காகிதமும் வேறு என்பதால் எப்படியும் தனியாகத்தான் அச்சிட வேண்டும்.

இதுவரை: தாளுக்கு நான்கு பக்கம். உள்ளே 16 பக்கம் என்றால் 4 தாள். அட்டை தனியாக ஒரு தாள்.

எந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் எந்தப் பக்கம்?

வாசகர் இதழைத் திறந்தால் 2, 3 எதிரெதிரே இருக்கும். அடுத்து 4, 5. இதைப் படிக்கும் ஜோடி என்று வைத்துக்கொள்வோம். தாளில் ஒட்டி அச்சாகும் ஜோடி வேறு. வெளித்தாளில் 16உம் 1உம் அருகருகே இருக்கும், அதன் முதுகில் 2உம் 15உம். இது அச்சிடும் ஜோடி. பக்கங்களைப் படிக்கும் வரிசையிலிருந்து அச்சிடும் வரிசைக்கு மாற்றி அடுக்குவதற்குத்தான் இம்போசிஷன் என்று பெயர். பள்ளியில் நூறு முறை எழுதவைத்த இம்போசிஷனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரே நல்ல வழி டம்மி, அதாவது வெற்றுத்தாளில் மாதிரி இதழ், செய்வதுதான். நான்கு பழைய ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். மடிப்பு இடதுபுறம் இருக்கட்டும். புத்தகம்போலப் புரட்டிக்கொண்டே ஒவ்வொரு பக்கத்தின் கீழ்மூலையிலும் 1 முதல் 16 வரை பென்சிலால் எழுதுங்கள். பிறகு தாள்களைப் பிரித்து விரியுங்கள். இப்படி இருக்கும்:

முதல் தாள் (வெளியே): ஒரு முகத்தில் 16 | 1, மறுமுகத்தில் 2 | 15
இரண்டாம் தாள்: 14 | 3, மறுமுகத்தில் 4 | 13
மூன்றாம் தாள்: 12 | 5, மறுமுகத்தில் 6 | 11
நான்காம் தாள் (நடுவே): 10 | 7, மறுமுகத்தில் 8 | 9

ஜோடி எண்களைக் கூட்டிப் பாருங்கள். எல்லாமே 17. மொத்தப் பக்கத்தோடு ஒன்று கூட்டினால் வரும் எண் அது. 24 பக்க இதழில் கூட்டுத்தொகை 25 வரும். ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கம். இந்த இரண்டையும் வைத்தே ஒரு தாளைப் பார்த்த மாத்திரத்தில் சரியா தவறா என்று சொல்லிவிடலாம்.

படிக்கும் ஜோடியும் அச்சிடும் ஜோடியும் ஒன்றாக அமைவது ஒரே இடத்தில்தான், 8உம் 9உம். மற்ற எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு வெவ்வேறு தாள்களில் அச்சாகி, மடிக்கும்போது சந்திப்பவை. தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் படர்ந்த படம் நடுவில் பிசகித் தெரியும். பத்திரிகைகளில் பெரிய படத்தை நடுப்பக்கத்தில் போடும் வழக்கத்துக்கு இது ஒரு காரணம். உங்களிடம் ஊர்த் திருவிழாவின் அகலமான படம் ஒன்று இருந்தால் அதற்கான இடம் 8, 9தான்.

கணினியில் செய்யும்போது வரும் மூன்று தவறுகள்

கணக்குப் புரிந்தபின் கையால் அடுக்கத் தேவையில்லை. பிடிஎஃப் திறக்கும் மென்பொருள்கள் பலவற்றில் அச்சிடும் பெட்டியில் 'புக்லெட்' என்று ஒரு தேர்வு இருக்கும். 1 முதல் 16 வரை வரிசையாக இருக்கும் கோப்பைக் கொடுத்தால் அதுவே ஜோடி மாற்றி அடுக்கிக்கொள்ளும். அப்படியும் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது.

முதலாவது, எழுத்து சிறுத்துப்போவது. பலர் ஏ4 அளவிலேயே பக்கம் வடிவமைத்து, 12 பாயின்ட் எழுத்து வைத்து, புக்லெட்டாக அச்சிடுகிறார்கள். ஏ4 பக்கம் ஏ5-க்குள் அடங்க 71 சதவீதமாகச் சுருங்கும். 12 பாயின்ட் எட்டரை ஆகிவிடும். சுழிகளும் கொம்புகளும் நெருங்கிய தமிழ் எழுத்தை அந்த அளவில் வயதானவர்கள் படிக்கவே முடியாது, சமூக இதழ்களின் முதல் வாசகர்களோ பெரும்பாலும் அவர்கள்தான். தொடக்கத்திலேயே பக்க அளவை ஏ5, அதாவது 148 × 210 மி.மீ. என்று வைத்துவிடுங்கள். எழுத்து 11 பாயின்ட், வரிக்கு வரி 15 பாயின்ட், நான்கு ஓரமும் 15 மி.மீ. என்று தொடங்கினால் நன்றாக இருக்கும். ஏ5 பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரிக்க வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, குறுகிய பத்தியில் சொற்களுக்கிடையே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும்.

இரண்டாவது, இரட்டைக் குழப்பம். வடிவமைப்பு மென்பொருளில் திரையில் தெரியும் 2-3, 4-5 ஜோடிகளை அப்படியே ஒரு பக்கமாகச் சேர்த்துப் பிடிஎஃப் எடுத்து, அதைப் புக்லெட்டாக அச்சிடுவது. மென்பொருள் ஒரு ஜோடியை ஒரு பக்கமாக எண்ணிக்கொள்ளும், வருவது எதற்கும் உதவாது. கோப்பில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, மறுமுகம் தலைகீழாக வருவது. ஏ4 தாள் கிடைமட்டமாக இருக்கிறது. இருமுக அச்சில் அதைக் குறுகிய விளிம்பை அச்சாக வைத்துத் திருப்ப வேண்டும். நீள விளிம்பில் திருப்பும்படி விட்டால் முன்முகம் நேராகவும் பின்முகம் தலைகீழாகவும் வரும். கடையில் கொடுத்தால் "ஷார்ட் எட்ஜ்" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். வீட்டுப் பிரிண்டர் ஒருமுகம் மட்டும் அடிப்பதாக இருந்தால், ஒரு தாளின் மூலையில் பென்சிலால் அம்புக்குறி போட்டு முதலில் அதை மட்டும் இருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் மேலே, எந்த ஓரம் உள்ளே என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும்.

கோப்பு பற்றி இன்னொன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை வேர்டு கோப்பாகக் கடைக்கு எடுத்துப்போனால், அங்கே அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் தட்டி, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக எடுத்துப் போங்கள்.

காகிதத்துக்கும் ஒரு திசை உண்டு

காகிதம் வாங்கும்போது எல்லோரும் கேட்பது ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை எத்தனை கிராம் என்பதே அது. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4, அதாவது பதினாறில் ஒரு பங்கு. எனவே 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை சரியாக 5 கிராம். 70 ஜிஎஸ்எம் காகிதத்தில் மறுமுக எழுத்து நிழலாகத் தெரியும். எழுத்து மட்டும் என்றால் பரவாயில்லை, புகைப்படம் இருந்தால் 80 எடுங்கள். அட்டைக்கு 170 போதும். 300 ஜிஎஸ்எம் அட்டை வாங்கி, இதழ் மூடாமல் வாய் பிளந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. நான்கு தாள் இதழுக்கு அது தேவையில்லாத கனம்.

ஜிஎஸ்எம் கேட்பவர்கள் கேட்க மறக்கும் ஒன்று உண்டு: இழைத்திசை. காகிதம் நார்களால் ஆனது. ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துவிடும். அந்தத் திசைக்குத்தான் இழைத்திசை என்று பெயர். கோரைப்பாயை நினைத்துப் பாருங்கள். கோரைக்கு இணையாகச் சுருட்டினால் சுகமாகச் சுருளும். கோரைக்குக் குறுக்காக மடித்தால் முரண்டு பிடிக்கும், மீறி அழுத்தினால் கோரை முறியும். காகிதமும் அப்படியே. இழைக்கு இணையான மடிப்பு கத்திபோலப் படியும். குறுக்கான மடிப்பு விறைத்து எழும், கனமான அட்டையில் வெடிப்பு விழும்.

கண்டுபிடிப்பது எளிது. தாளைப் பாதிவரை வளைத்து உள்ளங்கையால் மெல்ல அமுக்குங்கள். பிறகு 90 டிகிரி திருப்பி அதேபோல அமுக்குங்கள். எந்த வளைவு இலகுவாக அமுங்குகிறதோ அந்த வளைவின் மடிப்புக்கோட்டுக்கு இணையாக இழை ஓடுகிறது. கிழித்தும் பார்க்கலாம். இழைத்திசையில் கிழிசல் நேராக ஓடும், குறுக்கே கோணல்மாணலாகப் போகும்.

கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் இழை 297 மி.மீ. நீளவாக்கில் இருக்கும். பிரிண்டருக்குள் சிக்காமல் ஓட அது நல்லது. ஆனால் நாம் அதை ஏ5 ஆக்க மடிக்கும் கோடு 210 மி.மீ. பக்கத்துக்கு இணையானது. அதாவது நாம் எப்போதும் இழைக்குக் குறுக்காகவே மடிக்கிறோம். சொந்தமாக அச்சிட்ட இதழ்கள் மேசையில் வைத்தால் தானாகத் திறந்துகொள்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். மழைக்காலத்தில் இன்னொன்றும் சேரும். நார் ஈரத்தை உறிஞ்சினால் அகலத்தில் பருக்கும், நீளத்தில் அவ்வளவாக மாறாது. இழை மடிப்புக்குக் குறுக்காக இருந்தால், பின் பிடித்திருக்கும் மடிப்போரம் விரிய இடமில்லாமல் அலை அலையாக நெளியும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 420 மி.மீ. நீளவாக்கில் இழை ஓடும் ஏ3 தாளை வாங்கி, கட்டிங் மெஷினில் சரிபாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். கிடைக்கும் ஏ4 தாளில் இழை 210 மி.மீ. பக்கத்துக்கு இணையாக இருக்கும், நம் மடிப்பும் அதே திசை. இதழ் படிந்து மூடும். வாங்குமுன் மேலே சொன்ன வளைவுச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள். எல்லா ஏ3 தாளும் ஒரே திசையில் வருவதில்லை. அவ்வளவு முடியாவிட்டால் உள்தாளுக்குச் சாதாரண ஏ4 போதும். அட்டைக்கு மட்டுமாவது திசை பாருங்கள்.

வாங்கிய ரீமை (500 தாள் கட்டை) உறையோடு வைத்து, அச்சிடும் நேரத்தில் பிரியுங்கள். ஈரம் ஏறிய தாள் பிரிண்டரின் சூட்டில் சுருண்டு, மறுமுகம் அடிக்கும்போது உள்ளே சிக்கும்.

இதுவரை: உள்ளே 70 அல்லது 80 ஜிஎஸ்எம், அட்டை 170. இழையும் மடிப்பும் ஒரே திசையில் இருந்தால் இதழ் தானாக மூடிக்கிடக்கும்.

மடிப்பதும் நடுத்தாள் வெளியே நீட்டுவதும்

நான்கைந்து வெற்றிலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மடியுங்கள். உள் வெற்றிலையின் விளிம்பு வெளி வெற்றிலையைத் தாண்டி எட்டிப் பார்க்கும். வெளியே இருப்பது உள்ளிருப்பவற்றைச் சுற்றி வளைந்துபோக வேண்டியிருப்பதால் அதன் நீளத்தில் கொஞ்சம் வளைவுக்கே செலவாகிவிடுகிறது. இதழிலும் இதே கதைதான். அச்சகத்தார் இதை கிரீப் என்பார்கள், நாம் நீட்டல் என்று வைத்துக்கொள்வோம்.

80 ஜிஎஸ்எம் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. நான்கு தாளில் நீட்டல் அரை மில்லிமீட்டருக்குள்தான், கண்ணில் படாது. 12 தாள், அதாவது 48 பக்கம் போனால் நடுத்தாள் ஒன்று முதல் இரண்டு மி.மீ. வெளியே வரும். ஓரத்தை வெட்டிச் சமன்செய்தால் நடுப்பக்கங்களின் வெளி ஓரம் அவ்வளவு குறையும். பக்க எண்ணை விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி வைத்தவருக்கு அது வெட்டில் சிக்கிவிட்டதுபோலத் தெரியும். 10 மி.மீ. உள்ளே வைத்திருந்தால் கவலையில்லை.

மடிப்பதைத் தாள் தாளாகச் செய்யலாம், நான்கையும் சேர்த்தும் செய்யலாம். நான்கு வரை சேர்த்து மடித்தால் நன்றாகவே படியும். ஆறேழுக்குமேல் சேர்த்து மடித்தால் மடிப்பு உருண்டையாகிவிடும். அச்சிட்டவுடன் மடிக்க வேண்டாம், தாள் ஆறட்டும். டோனர் என்பது சூட்டில் உருக்கி ஒட்டவைத்த பிளாஸ்டிக் தூள். மடிப்புக்கோட்டில் அடர்ந்த நிறம் இருந்தால் அது உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். அட்டை வடிவமைக்கும்போது முழுக்கக் கறுப்போ கருநீலமோ வைக்காமல் இருப்பதே இதற்கு மருந்து.

அட்டையை மட்டும் மடிக்குமுன் கோடு அழுத்த வேண்டும். அச்சகத்தில் இது கிரீசிங். வீட்டில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் எஃகு ஸ்கேலும் போதும். அடியில் பழைய வார இதழ் ஒன்றை வைத்து, அட்டையின் வெளிமுகத்தில் நடுக்கோட்டின்மேல் இரண்டு முறை இழுங்கள். வெளியே பள்ளம், உள்ளே மெல்லிய மேடு விழும். மடிக்கும்போது மேடு உட்புறம் இருக்க வேண்டும். பள்ளத்தை உள்ளே வைத்து மடிப்பதுதான் பலருக்கும் இயல்பாக வருவது. அப்படி மடித்தால் வெளி இழைகள் கூடுதலாக இழுபட்டு வெடிக்கும்.

பின்னா, நூலா?

மடிப்புக்கோட்டின்மேல் கம்பிப் பின் குத்துவது சென்டர் பின். சாதாரண மேசை ஸ்டேப்லரால் இதைச் செய்ய முடியாததற்குக் காரணம் பின்னின் பலம் இல்லை, கையின் நீளம். விரித்த ஏ4 தாளின் ஓரத்திலிருந்து நடுக்கோடு 148 மி.மீ. தள்ளி இருக்கிறது. மேசை ஸ்டேப்லரின் வாய் அவ்வளவு தூரம் எட்டாது. நீளக்கை ஸ்டேப்லர் வாங்கினால் எட்டும். ஆண்டுக்கு நான்கு இதழ் போடுகிறவர்கள் வாங்கிவிடுவது நல்லது.

ஒரே ஒரு இதழுக்கு என்றால் தெர்மோகோல் துண்டு போதும். அடுக்கிய தாள்களை விரித்து, அட்டையின் வெளிமுகம் மேலே தெரிய தெர்மோகோல்மேல் வையுங்கள். ஸ்டேப்லரை அடித்தட்டிலிருந்து பிரித்து நேராகத் திறந்து, பின்னின் இரண்டு காலும் மடிப்புக்கோட்டின்மேலேயே விழும்படி வைத்து அழுத்துங்கள். கால்கள் தெர்மோகோலில் இறங்கும். மெல்லத் தூக்கித் திருப்பி, இரண்டு காலையும் ஸ்பூனின் முதுகால் உள்நோக்கி மடக்குங்கள். ஏ5 இதழுக்கு இரண்டு பின், மேலிருந்தும் கீழிருந்தும் 50 மி.மீ. தள்ளி. பின்னுக்கு 24/6 என்று கேளுங்கள். 24 என்பது கம்பியின் கனத்தைக் குறிக்கும் எண், 6 என்பது காலின் நீளம் மில்லிமீட்டரில். கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகிக் குத்தினாலும் இதழ் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். பின்னைப் பிடுங்கி மறுபடி குத்தினால் ஓட்டை தெரியும் என்பதால், பென்சிலால் இரண்டு புள்ளி வைத்துவிட்டுக் குத்துவதே மேல்.

கடலோர ஊர்களில் பின் துருப்பிடித்து, மடிப்போரம் காவிக்கறை ஏறும். வைத்துப் பாதுகாக்க வேண்டிய இதழ் என்றால், ஊர் வரலாறோ பெரியவர்களின் நினைவுகளோ இருக்கும் சிறப்பிதழ் என்றால், நூல் தையலே சரி. நேரம் கூடுதலாகும். ஆனாலும் 100 படியில் 20 படியையாவது நூலில் தைத்து நூலகத்துக்கும் வீட்டு அலமாரிக்கும் என்று ஒதுக்குவது நல்ல வழக்கம்.

மூன்று துளைத் தையல் போதும். மடிப்புக்கோட்டில் மேலிருந்து 35, 105, 175 மி.மீ. என்று மூன்று இடத்தில் குத்தூசியால் துளையிடுங்கள். கெட்டியான பருத்தி நூல் 55 செ.மீ. வெட்டி, மெழுகுவர்த்தியில் இரண்டு முறை இழுத்தால் முறுக்கு விழாது. பூக்கட்டும் நூல் மெல்லியது, அறுந்துவிடும். ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே விடுங்கள், உள்ளே 8 செ.மீ. நூல் மிச்சமிருக்கட்டும். மேல்துளை வழியாக உள்ளே வாருங்கள். நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே விடுங்கள். திரும்ப நடுத்துளை வழியாக உள்ளே வாருங்கள். இப்போது உள்ளே நெடுக ஒரு நூல் ஓடுகிறது, அதன் இருபுறமும் இரண்டு நுனி. நுனிகளை மடிப்பின் திசையிலேயே இழுத்து இறுக்கி, நெடுக ஓடும் நூலையும் சேர்த்துப் பிடித்து இரட்டை முடிச்சுப் போட்டு ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்கள். நூலை மடிப்புக்குக் குறுக்காக இழுத்தால் துளை கிழிந்துவிடும். புதியவர் கையில் நடக்கும் தவறு பெரும்பாலும் இது ஒன்றுதான்.

64 பக்கத்துக்குமேல் போனால் சென்டர் பின் பொருந்தாது. முதுகு உப்பிவிடும், நீட்டலும் அதிகம். அப்போதுதான் முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங். அதற்கு 100 பக்கம் அளவில் இருந்தால் பசை நன்றாகப் பிடிக்க முதுகு கிடைக்கும். இடைப்பட்ட கனத்தில் இதழ் கொண்டுவருவதைவிட இரண்டு இதழாகப் பிரிப்பது நல்லது.

நூறு படிக்கான வேலை வரிசை

100 படிக்கு உள்தாள் 400. சிக்குவது, மங்குவது, தலைகீழாவது என்று 30 தாளாவது வீணாகும். 500 தாள் கொண்ட ஒரு ரீம் தாராளம். அட்டைக்கு 110 தாள். நூறையும் அடித்துவிட்டுப் பார்ப்பது கூடாது. முதலில் ஒரே ஒரு படியை முழுக்க அச்சிட்டு, மடித்து, பின் அடித்து, இதழில் எழுதாத ஒருவரிடம் கொடுத்து முதலிலிருந்து கடைசிவரை படிக்கச் சொல்லுங்கள். திரையில் பத்து முறை பார்த்தும் தப்பிய பிழை காகிதத்தில் கண்ணில் படும். தொடர்ச்சி அறுந்தால் அவர் அங்கேயே நின்றுவிடுவார்.

பிரிண்டர் ஒரு படி முடித்து அடுத்த படிக்குப் போகும்படி அமைத்தால் தாள்கள் வரிசையாகவே விழும். ஒரே தாளை நூறு நூறாக அடித்திருந்தால், நான்கு குவியலை மேசையில் இடமிருந்து வலமாக வைத்து, நடுத்தாளில் தொடங்கி வெளித்தாள்வரை ஒவ்வொன்றாக அடியில் சேர்த்து, கடைசியில் அட்டையைச் சேருங்கள்.

தாள் விடுபட்ட படி ஒன்றிரண்டு எப்படியும் நுழைந்துவிடும். ஒவ்வொன்றையும் புரட்டத் தேவையில்லை. சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்தால் போதும். 80 ஜிஎஸ்எம் உள்தாள் நான்கும் 170 ஜிஎஸ்எம் அட்டையும் சேர்ந்து 31 கிராம் அளவில் வரும். 26 காட்டினால் ஒரு தாள் இல்லை, 36 காட்டினால் ஒன்று கூடுதல்.

பின் அடித்த இதழ்களை முதுகை மாற்றி மாற்றி, ஐந்து இந்தப் பக்கம் ஐந்து அந்தப் பக்கம் என்று அடுக்கி, மேலே பலகையும் அதன்மேல் அம்மிக்குழவிபோல ஒரு கனமும் வைத்து ஓர் இரவு விடுங்கள். ஓரம் வெட்டுவதானால் அதற்குப் பிறகுதான். வெட்டியபின் அழுத்தினால் தாள் நகர்ந்து ஓரம் மறுபடி ஏறுமாறாகும். 16 பக்க இதழுக்கு ஓர வெட்டு கட்டாயமில்லை. வெட்டுவதென்றால் அருகிலுள்ள அச்சகத்தின் கட்டிங் மெஷினில் மொத்தமாகக் கொடுப்பது சுத்தம். கையால் வெட்டினால் எஃகு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடில் மென்மையாகப் பத்துப் பதினைந்து இழுப்பு. ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் மேல்தாள் சரியாகவும் அடித்தாள் சாய்வாகவும் போகும். மடிப்புக்கு எதிர் ஓரத்தை முதலில், பிறகு மேலும் கீழும்.

அச்சிட்டதில் ஒரு தொகுதியை மடிக்காமல், பின் அடிக்காமல் தனியே ஓர் உறையில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது பத்துப் படி கேட்டால், கோப்பு தொலைந்திருந்தாலும் அந்த ஐந்து தாளையும் ஜெராக்ஸ் கண்ணாடியில் வைத்து எடுத்துவிடலாம்.